பிளாக் லிஸ்டில் இருந்த ததேயுஸ்

2011 ஜூன் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை மாலை நாலரை மணிக்கு ஜெபகனி டீச்சர் மழையில் நனைந்துகொண்டே இராஜாக்கமங்கலத்து வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். பழைய ஓட்டு வீடு. மூன்று பக்கமும் தென்னந்தோப்பு. மழைக்காலத்தில் அந்த நேரத்துக்கே அறைக்குள் இருட்டு கட்டிவிடும். ஈரச் சேலையைக்கூட மாற்றாமல் அவள் கம்ப்யூட்டரைப் போட்டாள்.

தன்னோடு பேசத் தகுதியுள்ளவர் ஊரில் எவரும் இல்லை என்பது அவள் முடிவு. கணக்கு டீச்சர், முட்டாள்களைக் கண்டாலே அவளுக்குக் குமட்டும். அந்தக் குமட்டலை எல்லாம் இருபத்தெட்டு ஆடும் இணையதளத்தில் தீர்த்துக்கொண்டாள். நாலு பேர் ஆடும் சீட்டாட்டம் அது; எதிரே இருப்பவர் கூட்டாளி. கூட்டாளி ஒரு சீட்டைத் தப்பாக இறக்கினால் பிளாக். தாமதித்தால் பிளாக். மன்னிப்புக் கேட்டால் அதற்காகவே பிளாக். நண்பர் பட்டியலில் நாலே பேர். பிளாக் லிஸ்டில் முந்நூற்றுப் பன்னிரண்டு. அந்த நீளப் பட்டியலை மேலிருந்து கீழாக வாசிப்பதில் அவளுக்கு ஒரு சுகம்.

கடைசிப் பெயர் ததேயுஸ். இனயம் என்ற கடற்கரை ஊரின் மீன்பிடிக்காரர். இடுப்பு ஒடிந்து கடலுக்குப் போக முடியாமல் கிடந்தவருக்கு, வெளிநாட்டிலிருந்த தம்பி கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்திருந்தார். "பிழை வந்தா சொல்லித் தரணும் டீச்சர்" என்று ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் எழுதுவார். ஒரு நாள், ஆட்டத்திலேயே பெரிய சீட்டான துருப்பு ஜாக்கை வீணாக்கினார். மேசையில் எல்லோரும் பார்க்க அவள் எழுதினாள்: "மீனுக்கும் உமக்கும் மூளை ஒரே அளவு."

பிறகு பிளாக்.

போன் அடித்தது. பிரிஜா. தக்கலையில் துணிக்கடை வைத்திருப்பவள். நண்பர் பட்டியலில் இருந்த நாலு பேரில் ஒருத்தி.

"டீச்சரே, ததேயுஸ் அண்ணன் மரிச்சுப் போச்சு. திங்கக்கெழமயே அடக்கம் முடிஞ்சாச்சு."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"உங்க பிளாக்க எடுக்கச் சொல்லி எனக்கிட்ட எத்தன மட்டம் கெஞ்சினாரு தெரியுமா? டீச்சருக்குப் பிடிச்ச மாதிரி ஒரு ஆட்டமாவது ஆடிக் காட்டணும்ணு."

"செத்த பிறகும் எனக்க தலையத் திங்கணுமா அந்த ஆளு?"

போனை வைத்துவிட்டு ஜெபகனி பட்டியலைத் திறந்தாள். செத்தவன் பெயர் எதற்கு இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்க வேண்டும்? பிளாக்கை நீக்கினாள். இனி வந்து சீட்டா கேட்கப் போகிறான் என்று சிரித்துக்கொண்டே புது மேசையில் உட்கார்ந்தாள். எதிர் இருக்கை கடைசியாக நிரம்பியது.

ததேயுஸ்.

வீட்டு ஆட்கள் யாரோ அவர் பெயரில் ஆடுகிறார்கள். குழிமண் காயவில்லை, அதற்குள் சீட்டு. அவள் உதட்டைச் சுழித்தாள். ஆனால் ஆட்டம் அப்படி இருந்தது! நாலு ஆட்டமும் ஜெயம். அந்தக் குடும்பத்திலும் ஒருவருக்கு மூளை இருக்கிறதே என்று அவளுக்கு ஆச்சரியம்.

ஐந்தாவது ஆட்டத்தில் சாட்டில் ஒரு வரி வந்தது.

"ஸ்பேடு ஒன்பத இப்ப எறக்காதீங்க டீச்சர்."

அவள் விரல் அந்தச் சீட்டைத்தான் தேர்ந்திருந்தது. அது அவள் திரையில் மட்டும் தெரியும் சீட்டு.

அறைக்குள் டீசல் நாற்றம் பரவியது. அதன் பின்னால், நனைந்து மக்கிய வலையின் வாடை. மழைச் சத்தம் எப்போது நின்றதென்று தெரியவில்லை. நாற்காலிக்குப் பின்னால், இடுப்பு வலிக்காரர் எழுந்து நிற்கும்போது வருமே, அப்படி ஒரு மூச்சு.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பிளாக் அழுத்தினாள்.

பிளாக் லிஸ்டில் அந்தப் பெயர் ஏறவில்லை. நண்பர் பட்டியலைத் திறந்தாள். பழைய நாலு பேரும் அங்கே இல்லை. ஒரே ஒரு பெயர்.

"இப்ப செரியா ஆடுதேனா டீச்சர்?"

பிரிஜாவை அழைத்துக் குசுகுசுத்தாள். "அவருக்க கம்ப்யூட்டர் இப்ப ஆருகிட்ட இருக்கு?"

"ஆருகிட்டயும் இல்ல. குளோரி அக்கா அத அட்டப்பெட்டியில போட்டுக் கெட்டி வச்சாச்சு. புருஷனுக்க பொருளெ ஆரும் தொடக்கூடாதாம். நானும் கூட நிண்ணுதான் கெட்டினேன். ஏன் டீச்சரே?"

ஜெபகனி ஐடியை அழித்தாள். வயரைப் பிடுங்கினாள். மறுநாளே கம்ப்யூட்டரை விற்றாள்.

ஒரு வாரத்தில் பயம் தெளிந்தது. பழைய ஏளனமும் திரும்பியது. ஏதோ வைரஸ், தான் போய் அதற்குப் பயந்தோமே என்று தன்னையே ஏசிக்கொண்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை நண்பகல், ஆசிரியர் அறையில் இருக்கும்போது பிரிஜா அழைத்தாள். குரலில் கோபம்.

"டீச்சரே, என்ன எதுக்கு பிளாக் பண்ணினிய?"

"நான் ஐடியையே அழிச்சாச்சு, பிரிஜா."

"பொய் சொல்லாதீங்க. வேற ஐடியில கேறி உங்களத்தான் பாத்துட்டிருக்கேன். ஒரு வாரமா மேசைய விட்டு எழும்பல்ல. ஒரு ஆட்டம் தோக்கல்ல."

"எதிர்க்க ஆரு?" என்று கேட்டாள். கேட்காமலே இருந்திருக்கலாம்.

பிரிஜாவின் கோபம் அடங்கியது. குரல் தாழ்ந்தது.

"ததேயுஸ் அண்ணனுக்க பேரு கெடக்கு, டீச்சரே... இன்னா, இப்பகூட நீங்க ஒரு சீட்டு எறக்கினிய."

ஜெபகனியின் ஒரு கையில் போன் இருந்தது. மறு கையில், பாதி திருத்திய விடைத்தாள்.