பெட்டிக்குள் ஜல்லி

சனிக்கிழமை, காலை 9.20. தம்பி வளையல் பெட்டியைத் திறந்தான். உள்ளே மூன்று ஜல்லிக் கற்கள் இருந்தன.

அம்மாவின் தங்க வளையல்கள் நான்கு இருக்க வேண்டிய பெட்டி அது. கல்யாணத்தன்று போட்டவள் கையை விட்டுக் கழற்றியதே இல்லை. கடைசியில் ஆஸ்பத்திரியில் நர்ஸ்தான் சோப்பு போட்டுக் கழற்றிக் கொடுத்தாள். அக்கா வந்ததும் ஆளுக்கு இரண்டாகப் பிரித்துக்கொள்வது என்று பேச்சு. அக்காவும் வந்துவிட்டாள்.

அக்கா போலீஸ் இன்ஸ்பெக்டர். அம்மா போனதிலிருந்து அவள் ஒரு சொட்டு அழவில்லை. உடம்பே மரத்துக் கிடந்தது. டீயின் சூடுகூட நாக்கில் உறைப்பதில்லை. வளையலைக் காணோம் என்றதும் நெஞ்சு ஒரு துள்ளலாவது துள்ள வேண்டாமா? அதுவும் இல்லை. ஒரு கல்லை எடுத்து விரல்களுக்கு நடுவே உருட்டினாள்.

"கொத்தனார் வேலைதான்க்கா. ஜல்லி வேற யார்கிட்ட இருக்கு? உங்க ஸ்டேஷன்ல சொல்லி ஆளைத் தூக்கச் சொல்லு" என்றான் தம்பி.

கொத்தனார் அறை வாசலில் கரணையும் கையுமாக நின்றிருந்தார். இன்று டைல் ஒட்ட வந்தவர்.

அது அம்மா தையல் மிஷின் போட்டிருந்த சின்ன அறை. பக்கவாதத்தில் அப்பாவின் இடது பக்கம் விழுந்துவிட்டது. இனி மாடி ஏற முடியாது. அதனால் அதை அவருடைய படுக்கையறையாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். பழைய தரை வெடித்து, ஈரம் கசிந்து, கூடத்தைவிட நாலு விரற்கடை பள்ளமாகவும் இருந்தது. சக்கர நாற்காலி இறங்கினால் ஏறாது. அதை உடைத்தெடுத்து, பிளாஸ்டிக் தாள் விரித்து, வியாழக்கிழமை புதுக் கான்கிரீட் போட்டார்கள். உள்சுவரில் ஒரு அலமாரி. வளையல் பெட்டி அதற்குள் இருந்தது. காலிப் பெட்டியாக அம்மா வைத்திருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று அப்பா ஒரே பிடிவாதம்.

அக்கா அலமாரிப் பூட்டைப் பார்த்தாள். கீறல் இல்லை.

"வளையலைக் கடைசியா யாருடா பார்த்தது?"

"நான்தான். வியாழக்கிழமை காலைல அப்பா ஒரு தடவை பார்க்கணும்னார். எடுத்துக் கொடுத்தேன், நாலும் இருந்துச்சு. மடியில வச்சுப் பார்த்துட்டு மூடிக் கொடுத்தார். உள்ள வச்சுப் பூட்டிட்டேன்."

"பக்கத்துலயே இருந்தியா?"

"இங்கதான், ஜன்னல்கிட்ட போன் பேசிட்டு இருந்தேன். பெட்டியை வாங்கினப்ப கனம்கூடத் தெரிஞ்சுது. அதுக்கப்பறம் அந்த ரூமுக்குள்ள இருந்தது இவர் மட்டும்தான்."

அவள் கொத்தனார் பக்கம் திரும்பினாள்.

"வேலையை எப்படிச் செஞ்சீங்க?"

"உள்சுவர்ல ஆரம்பிச்சு, பின்னாடியே வந்து வாசல் நிலைகிட்ட முடிச்சேன்மா."

"அலமாரியைத் தொட்டீங்களா?"

"இல்லைங்க."

"நடுவுல வெளிய போனீங்களா?"

"கடைசில, சட்டி கழுவ. திரும்பி வந்தா நிலைகிட்ட ஒரு குழி. பூனை மிதிச்சிருச்சுன்னு ஐயா சொன்னார். தேச்சு விட்டுட்டேன்."

"ஒரே குழியா?"

"ஒண்ணுதான்." கொத்தனார் கரணையைக் கீழே வைத்தார். "இதே தெருவுல இன்னும் ரெண்டு வீடு பேசி வச்சிருக்கேன்மா. திருட்டுப் பட்டம் வந்துட்டா எந்த வீட்டுக்குள்ளயும் விட மாட்டாங்க."

கூடத்தில் அப்பா சக்கர நாற்காலியில் இருந்தார். வலது கையைத் துண்டால் மூடியிருந்தார். காலையில் தம்பிதான் இட்லியைப் பிட்டு ஊட்டினான்.

"ரெண்டு நாளா இந்தக் கையும் வரலைக்கா. இப்படி ஆகலாம்னு டாக்டர் முன்னாடியே சொன்னார்" என்றான்.

அக்கா அந்தத் துண்டை ஒரு கணம் பார்த்தாள். அறை வாசலுக்குப் போய், சுவரோரம் மிச்சமாகக் குவிந்திருந்த ஜல்லியைப் பார்த்தாள். "வியாழக்கிழமை அப்பா எங்க இருந்தார்?"

"இந்த வாசல்லயேதான். நாள் பூரா வேலையைப் பார்த்துட்டு."

9.50. அவள் பெட்டியை அப்பாவின் எதிரே வைத்தாள்.

"கொத்தனார் எடுக்கலை."

"எப்படிச் சொல்றே?" என்றான் தம்பி.

"பூட்டைத் திறந்து எடுக்கிறவன் வளையலோட போய்க்கிட்டே இருப்பான். கல்லைப் பொறுக்கிப் போட்டு ஏன் மெனக்கெடணும்? அலமாரிக்குள்ள கிடக்கிற பெட்டிக்குக் கனம் எதுக்கு? அப்பவே இன்னொருத்தர் கையில திருப்பிக் கொடுக்கிறவருக்குத்தான் கனம் வேணும். கனம் தெரிஞ்சுதுன்னு நீதானே சொன்னே?"

அவள் மண்டியிட்டு அப்பாவின் கையிலிருந்த துண்டை விலக்கினாள். மணிக்கட்டு வரை தோல் சிவந்து வெடித்திருந்தது. நகக்கண்ணில் சாம்பல் நிறச் சிமெண்ட்.

"இது வாதத்துல விழுந்த கை இல்லடா. பச்சைச் சிமெண்ட்ல வெந்த கை. பூனை நடந்தா வரிசையாத் தடம் இருக்கும். ஒத்தைக் குழி போடற பூனை இந்த வீட்டுல ஒண்ணுதான்."

அப்பா நிலைப் பக்கம் பார்த்தார்.

"உங்கம்மா கைச்சூடு ஆறலை. அதுக்குள்ள ஆளுக்கு ரெண்டுன்னு பேசினீங்க" என்றார். "அவ வளையல் என் கட்டிலுக்கு அடியில, தரைக்குள்ளேயே கிடக்கட்டும்னு நெனச்சேன். அவ்வளவு தூரம் கை எட்டலை. நிலைகிட்டதான் எட்டுச்சு."

"அதுக்கு இவர் திருடனாகணுமாப்பா?"

"சொல்லியிருக்கணும். சொன்னா தரையை உடைச்சிருவீங்களேன்னு வாயை மூடிக்கிட்டேன். தப்புதான்." கொத்தனாரைப் பார்த்தார். "மனசுல வச்சுக்காதேப்பா."

கொத்தனார் தலையை மட்டும் ஆட்டினார். சட்டென்று மன்னிக்க அவருக்கு வரவில்லை.

தம்பி சம்மட்டியை எடுத்து வந்து நிலைப்படியருகே நின்றான். தரையைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். பிறகு அதைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கொத்தனாரிடம் வந்தான்.

"வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். அந்த ரெண்டு வீட்டுக்கும் நானே வந்து சொல்றேன். நீங்க டைலை ஒட்டுங்க."

அக்கா அப்பாவின் கையைக் கழுவி, களிம்பைத் தொட்டு விரல் விரலாகப் பூசினாள். அவர் முகத்தைச் சுளித்தார்.

"எரியுதாப்பா?"

"எரியுதும்மா."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அம்மா போனதற்கும் சேர்த்து வந்தது. அவர் கையை விடாமலே அழுதாள்.

கொத்தனார் வாசலில் தயங்கி நின்றார். "கட்டில் எந்தப் பக்கம்மா வரும்?"

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நிலையை ஒட்டிப் போடுவோம்" என்றாள்.