வெள்ளவாரியில் தேங்கிய தண்ணீர்

ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் காசிநாதன் கள்ளக்குறிச்சியில் ஓர் உரக்கடைக்கு மேல்மாடியில் குடியிருந்தார். போலீஸ் வேலை விட்டாலும் வழக்குகள் அவரை விடவில்லை. மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டாலே அவருடைய ஜீப் ஓட்டும் செல்லமுத்து எழுந்து சட்டையை மாட்டிக்கொள்வார். செல்லமுத்து முன்பு லாரி ஓட்டியவர், ஐம்பது வயதைத் தாண்டியவர். குற்றவாளியைப் பிடிப்பதில் அவர் காட்டும் அவசரத்தை லாரி ஓட்டுவதில் காட்டியிருந்தால் என்றைக்கோ அவருக்குச் சங்கு ஊதியிருப்பார்கள்.

அந்தப் பங்குனி மாதக் காலையில் படியேறி வந்தவர் மூக்காயி. கல்வராயன் மலையடிவாரத்தில் இருக்கும் கருங்காலிப்பட்டு ஊராட்சியின் தலைவர். கூலி வேலைக்குப் போய்க்கொண்டே தேர்தலில் ஜெயித்தவர். தண்ணீர் கொடுத்தும் குடிக்காமல் நேராக விஷயத்துக்கு வந்தார்.

அவர் சொன்னது இதுதான். ஊருக்கு மேலே வெள்ளவாரி என்று ஒரு புறம்போக்கு நிலம். மழைக்காலத்தில் மலையோடை அதில் வந்து பரவும். குறுக்கே தடுப்புக் கட்டி, மழைநீரை நிலத்துக்குள் இறக்குவதற்காகவே விட்டு வைத்திருந்தார்கள். அந்தத் தண்ணீர்தான் கீழே ஊற்றெடுத்து மூக்காயி தெருவின் ஒரே பொதுக்கிணற்றுக்கு வருகிறது என்பது ஊரார் நம்பிக்கை. இப்போது அங்கே ஜவ்வரிசி ஆலை கட்ட ஒருவர் கேட்கிறார். நிலம் உண்மையிலேயே தண்ணீர் குடிக்கிறதா என்று பார்க்கச் சுற்றுச்சூழல் ஆய்வு வந்தது. மூன்று குழி தோண்டி, தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். தண்ணீர் இறங்கவில்லை. மறுநாள் காலை கருத்துக் கேட்புக் கூட்டம். அந்த அறிக்கை மேடையேறிவிட்டால் வெள்ளவாரி போய்விடும், அதோடு கிணறும் போய்விடும்.

"மூணு குழியிலயும் தண்ணி அப்டியே நிக்குது சார். இத்தினி வருசமா நாமதான் பொய் சொல்லிக்கினு இருந்தமான்னு எனக்கே சந்தேகமா பூடுச்சி" என்றார் மூக்காயி. 

மூன்று குழி மட்டும்தானா என்று காசிநாதன் கேட்டார். இல்லை, சோதனை நடந்த அன்று காலை மூக்காயி பிடிவாதம் பிடித்து நாலாவதாக ஒன்று தோண்ட வைத்தாராம். அது மட்டும் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டது. எலி வளை இருக்கும் என்று சொல்லி அதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். காசிநாதன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். செல்லமுத்து அதற்குள் கீழே ஜீப்பைக் கிளப்பியிருந்தார்.

வெயில் உச்சிக்கு ஏறும்போது வெள்ளவாரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். செம்மண்ணும் சரளையும் கலந்த காய்ந்த பரப்பு. ஆய்வுக்காகச் சேலத்திலிருந்து வந்திருந்த பழனி அங்கே காத்திருந்தார். நல்ல மனிதர், தன் சோதனையில் முழு நம்பிக்கை உள்ளவர். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். முதல் நாள் சாயங்காலம் ஆட்கள் மூன்று குழியையும் முழங்கால் ஆழம் தோண்டி, ஆடு விழாமலிருக்கக் கீற்று போட்டு மூடினார்கள். மண் முதலில் ஊற வேண்டும் என்பதால் மறுநாள் அவர் வருவதற்கு முன்பே டேங்கர் தண்ணீர் ஊற்றிவிட்டது. வந்து அளவுகோல் நட்டுப் பார்த்தார். வெயில் குடித்தது போக மிச்சம் அப்படியே நின்றது. நாலாவது குழிக்கு அவர் எதிரிலேயே ஊற்றினார்கள். மற்ற மூன்றுக்கும் அடியில் இயற்கையாகவே களிமண் படுகை இருக்கிறது என்பது அவர் முடிவு.

குழிகளுக்குக் காவல் யார் என்று செல்லமுத்து கேட்டார். மலைக்காரர் வெள்ளையன் முன்னால் வந்தார். மேலே சாமை விதைத்துப் பிழைக்கும் குடும்பம், வேலை கிடைக்கும் நாளில் கீழே இறங்கி வருவார். அன்று ராத்திரி காவலில் இருந்தாரா என்றதும் தலையைக் குனிந்துகொண்டார். வீட்டிலிருந்து ஆள் வந்ததால் சாயங்கால பஸ்ஸில் மலைக்குப் போய்விட்டாராம், காலையில்தான் இறங்கினாராம்.

"குழிய எவன் தூக்கிக்கினு போவப் போறான்னு பூட்டேங்க" என்றார்.

செல்லமுத்து காசிநாதனின் காதோரம் போய், முடிந்தது, ஆள் அகப்பட்டான் என்றார். காசிநாதன் அதைக் காதில் வாங்காமல் முதல் குழியருகே குந்தினார்.

தண்ணீர் இன்னும் நின்றது. சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு தோள்வரை கையை விட்டார். வெளியே வந்த கையில் வெண்ணெய்போல் வழவழவென்று கறுப்புச் சேறு. அதில் மெல்லிய வேர்த்துண்டுகள் கிடந்தன. மோந்து பார்த்தார். பக்கச் சுவரையும் தடவிப் பார்த்தார். தண்ணீர் நின்ற மட்டம்வரை வழவழப்பு, அதற்கு மேலே சொரசொரவென்று சரளை. தண்ணீரின் ஓரத்தில், பாரம் தூக்கத் தலையில் வைக்கும் சும்மாடு அளவுக்கு ஒரு வைக்கோல் சுருணை மிதந்தது. இரண்டாவது குழியிலும் ஒன்று, மூன்றாவதிலும் ஒன்று. நாலாவது குழி காய்ந்து கிடந்தது. அடியில் செம்மண்ணும் சரளையும்தான், தண்ணீர் விழுந்த இடத்தில் ஒரு பள்ளம். எலி வளை எதுவும் கண்ணில் படவில்லை, வைக்கோலும் இல்லை.

வைக்கோல் எப்படி வந்தது என்று பழனியிடம் கேட்டார். டேங்கர்க்காரர் போட்டதாம். குழாயின் வேகம் மண்ணைப் பறிக்காமலிருக்கக் கீழே வைத்தேன் என்று அவரே சொன்னாராம். நாலு குழிக்கும் அதே ஆளா என்றதற்கு ஆமாம் என்றார் பழனி.

அந்த ஆள் ஆதிமூலம். வெள்ளவாரிக்கு அடுத்தாற்போலக் கீழே அவர் நிலம். சுற்றுவட்டாரம் முழுக்கக் காய்ந்து கிடந்த அந்த வெயிலில் அவர் வயலில் மட்டும் ஒரு பக்கம் நெல் பச்சையாக நின்றது, மறுபக்கம் நடவுக்குச் சேறடித்து வைத்திருந்தது. ஜீப்பைப் பார்த்ததும் அவரே மோர்ச் செம்போடு வந்தார். எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தார். ஆலை வந்தால் தன் நிலத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடப்போவதாக மறைக்காமல் சொன்னார். ஊருக்கு நாலு பேருக்கு வேலை கிடைக்கட்டுமே என்றார். இப்படி வெள்ளந்தியாகப் பேசுகிற மனுஷனைச் சந்தேகப்பட செல்லமுத்துவுக்கே மனம் வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

காசிநாதன் பழனியைத் தனியே அழைத்து, எல்லோர் முன்னிலையிலும் அன்று பிற்பகலே சோதனையை இன்னொரு முறை செய்யச் சொன்னார். நாளைக்குக் கூட்டத்தில் யாரும் குறை சொல்லாமல் இருக்கும் என்பதால் பழனியும் ஒத்துக்கொண்டார். முதல் குழியின் தண்ணீரைச் செம்பால் மொண்டு, அடியைத் தொடாமல் வெளியேற்றினார்கள். அதற்குப் பக்கத்திலேயே வெள்ளையன் புதிதாக ஒரு குழி தோண்டினார். இரண்டையும் கீற்றுப் போட்டு மூடினார்கள். ஆதிமூலத்துக்குச் சொல்லி அனுப்ப, டேங்கரோடு வருகிறேன் என்று உடனே சம்மதித்தார்.

இடையில் செல்லமுத்துவின் சந்தேகம் ஊர் சுற்றிவிட்டு வந்தது. சாப்பாட்டுக்கு முன் வெள்ளையன் குற்றவாளி. சாப்பிடும்போது பழனி. கை கழுவும்போது இரண்டு பேரும் கூட்டு. காசிநாதன் புளியமர நிழலில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். ஆடு அறுக்கும் முன்னே ஈரலுக்குச் சண்டை வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

வெயில் சாய்ந்ததும் டேங்கரை இழுத்துக்கொண்டு ஆதிமூலத்தின் டிராக்டர் வந்தது. மூக்காயியும் தெருக்காரர்களும் ஒரு பக்கம் நின்றார்கள். மூக்காயி முந்தானையைக் கையில் சுற்றிச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார். புதுக்குழியின் கீற்றை வெள்ளையன் விலக்கினார். ஆதிமூலம் குழாயை நேராக அதற்குள் விட்டுத் திறந்தார். தண்ணீர் செம்மண்ணைக் குடைந்துகொண்டு விழுந்தது. காசிநாதன் அவரோடு நெல் விளைச்சலைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே நின்றார். என்ன ரகம், எத்தனை உழவு, பூச்சி உண்டா என்று ஒரு விவசாயி இன்னொரு விவசாயியிடம் கேட்பதுபோல். ஆதிமூலமும் உற்சாகமாகப் பதில் சொன்னார்.

அடுத்து பழைய குழியின் கீற்று விலகியது. ஆதிமூலம் பேச்சை நிறுத்தாமலே டிராக்டர் இருக்கைக்குப் பின்னால் கையை விட்டு, ஒரு பிடி வைக்கோலை உருவிச் சுருட்டிக் குழிக்குள் வைத்தார். அதன்மேல் குழாயை வைக்கப் போனார்.

"கொஞ்சம் இருங்க. இப்போ எதுக்கு வைக்கோல்?" என்றார் காசிநாதன்.

"பழக்கம்தாங்க. தண்ணி மண்ணப் பறிக்கக் கூடாது பாருங்க."

"பழக்கம்னா அந்தக் குழிக்கும் வச்சிருப்பீங்களே."

ஆதிமூலத்தின் கை குழாயோடு அப்படியே நின்றது. காசிநாதன் மற்றவர்கள் பக்கம் திரும்பினார்.

"இந்தக் குழிக்கு அடியில இருக்கறது இயற்கையான களி இல்ல. இயற்கையா இருந்தா பக்கத்துக் குழியிலயும் இருக்கணும். அது சுவத்துல ஏறி, தண்ணி நிக்கற மட்டத்துல கோடு கிழிச்ச மாதிரி நின்னுருக்காது. வயலுக்குச் சேறடிச்சி, வரப்புக்கு உள்பக்கம் சேறு பூசற மாதிரி யாரோ பூசியிருக்காங்க. அதுல இருக்கறது நெல்லுத்தாள் வேரு. இந்த வாரியில என்னைக்காவது யாராவது நெல்லு நட்டிருக்காங்களா?"

இல்லை என்று தெருக்காரர்கள் தலையசைத்தார்கள்.

இருந்தாலும் அது யார் செய்தது என்று சொல்லிவிடாது என்றார் காசிநாதன். வெள்ளையன் மலைச்சரிவில் சாமை விதைப்பவர் என்பதால் மட்டும் அவரைச் சந்தேகத்திலிருந்து தள்ளிவிட முடியாது. சேறு மிதிக்க யாருக்கும் தெரியும், காவலும் இல்லாத ராத்திரி. ஆளைக் காட்டிக் கொடுத்தது வைக்கோல்தான். சேறடித்த வயலில் மோட்டார்த் தண்ணீர் நேராக விழுந்தால் சேறு கிழியும், கிழிந்தால் வயல் தண்ணீர் தாங்காது. அதனால்தான் குழாய் வாயில் வைக்கோல் வைப்பார்கள். வெறும் சரளைக் குழிக்கு அது தேவையில்லை. நாலாவது குழி சோதனையன்று காலையில்தான் தோண்டியது, அதில் பூச நேரமில்லை. அதற்கு ஆதிமூலம் வைக்கோல் வைக்கவில்லை. இன்று புதுக்குழிக்கும் வைக்கவில்லை. எந்தக் குழியில் சேறு இருக்கிறது, எதில் இல்லை என்பது அவர் கைக்குத் தெரிந்திருந்தது.

பழனி குழிக்குள் இறங்கி மண்வெட்டியால் அடியைக் கிளறினார். கறுப்புச் சேறு பாளமாகப் பெயர்ந்தது. அதற்குக் கீழே சிவப்புச் சரளை. நான் குழியைக் காலியாகப் பார்த்திருக்க வேண்டும், என் தப்பு என்று அவரே சொன்னார்.

ஆதிமூலம் டிராக்டர் சக்கரத்தில் சாய்ந்துகொண்டார். மறுத்துப் பார்க்கவில்லை.

"பசங்க ரெண்டு பேரும் திருப்பூர்ல கீறானுங்க. ஒருத்தனும் வயலுக்கு வர மாட்டேன்றான். நான் ஒருத்தன் எத்தினி நாளு சேத்துல நிக்கறது? வாரிய குடுத்தாதான் என் நெலத்த வாங்கிக்குவேன்னு ஆலைக்காரன் சொல்லிட்டான்."

செல்லமுத்து போலீசுக்குச் சொல்ல போனை எடுத்தார். மூக்காயி அவரைக் கையமர்த்திவிட்டு ஆதிமூலத்தின் எதிரில் போய் நின்றார்.

"அண்ணே, இந்த டேங்கருக்கு தண்ணி எங்க புடிச்ச?"

"என் கெணத்துலதான்."

"ஊருல பாதிக் கெணறு வறண்டு கெடக்குது. உன் கெணத்துக்கு மட்டும் இந்த வெயில்ல எங்கேர்ந்துண்ணே வந்துச்சி?"

ஆதிமூலம் திரும்பினார். பக்கத்தில் புதுக்குழியைப் பார்த்தார். அவர் ஊற்றிய தண்ணீர் முழுக்க இறங்கி, ஈரச் சரளை மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது. அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

போலீசு வேண்டாம், நாளைக்குக் கூட்டத்தில் இவர் வாயாலேயே சொல்லட்டும், அது போதும் என்றார் மூக்காயி. செல்லமுத்துவுக்கு அது பிடிக்கவில்லை. ராத்திரியோடு ராத்திரியாக ஆதிமூலம் திருப்பூருக்கு பஸ் ஏறிவிடுவார் என்று ஊர் திரும்பும் வழியெல்லாம் புலம்பினார்.

ஆனால் மறுநாள் பந்தலில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தவர் ஆதிமூலம்தான். கூட்டத்தை நடத்த வந்த அதிகாரி ஆய்வு அறிக்கையைக் கையில் எடுத்ததும் அவர் எழுந்து ஒலிபெருக்கிக்குப் போனார்.

"குழிக்கு சேறு பூசனது நானு. அந்த நெலம் தண்ணி குடிக்கும். என் கெணத்துக்கும் அதாங்க குடுக்குது" என்று சொல்லிவிட்டு, யாரையும் பார்க்காமல் போய் உட்கார்ந்தார்.

அடுத்து பழனி எழுந்து தன் அறிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொன்னார். அதிகாரி ஆலைக்காரரிடம் வேறு இடம் பார்க்கச் சொல்லி, வெள்ளவாரி இருக்கிறபடியே இருக்கட்டும் என்று அறிவித்தார். தெருப் பெண்கள் கைதட்டினார்கள். அதுவரை தைரியமாக இருந்த மூக்காயி அப்போதுதான் அத்தனை பேர் எதிரிலும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த ஆதிமூலம் எழுந்து வந்து தன் தண்ணீர்ச் செம்பை அவரிடம் நீட்டினார். அவர் வாங்கிக் குடித்தார்.