ஏழேகால் மணி இன்டர்நெட்

அந்த வீட்டின் சின்னப் பெண்ணுக்கு வயது பத்து. பள்ளிக்கூடப் பதிவேட்டில் அவளுக்கு வேறு பெயர். வீட்டில் எல்லோருக்கும் அவள் வக்கீல். "பல் தேய்" என்று சொன்னால், "நேத்துதானே தேச்சேன், ஆதாரம் காட்டட்டுமா?" என்று 'ஈ' எனப் பல்லைக் காட்டுகிற பெண்ணை வேறு எப்படிக் கூப்பிடுவது?

வக்கீலிடம் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. மாமாவின் அலுவலகத்தில் தூக்கிப் போட வைத்திருந்ததைக் கேட்டு வாங்கி வந்தாள். சதுர மானிட்டர். அதன் இடது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஓர் ஊதாக் கோடு. ஃபேன் சுற்றினால் பக்கத்து அறையில் மிக்ஸி ஓடுகிற மாதிரி கேட்கும். ஆனால் அதில்தான் அவள் தினமும் ஒரு மணி நேரம் படகுப் பந்தயம் விளையாடுவாள்.

விளையாட்டில் நாலு பேர் ஓர் அணி. அணித் தலைவன் மாடி வீட்டுப் பையன். கேப்டன் என்ற பெயரை அவனுக்கு யாரும் வைக்கவில்லை, அவனே வைத்துக்கொண்டான்.

ஒரு மாதமாக வக்கீலின் படகு நட்டாற்றில் நின்றுவிடுகிறது. மற்றவர்கள் கரை சேர்ந்து கொடி நட்ட பிறகுதான் அது அசையும்.

"உன் கிராஃபிக்ஸ் கார்டு பழசு. மானிட்டர் அதைவிடப் பழசு. ரெண்டையும் மாத்து, இல்லன்னா டீமை விட்டுப் போ" என்றான் கேப்டன்.

"போன மாசம் இதே டப்பாவுல உன்னையே ஜெயிச்சேனே, அது எப்படி? கம்ப்யூட்டர் மேல தப்பில்லை. நெட்டுதான் சரியில்லை."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று சொல்லிவிட்டுக் கேப்டன் சிரித்தான்.

வக்கீலுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஆனால் மாடியில் வந்தது தூறல்தான். பெருமழை வீட்டுக்குள் காத்திருந்தது.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. அக்காவுக்கு ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வகத்தில் வேலைக்கு இன்டர்வியூ வந்திருந்தது. சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, வீடியோ காலில். அந்த வீட்டுக்குள் போன் சிக்னல் எட்டிப் பார்க்காது; வாசலுக்குப் போனால் பேச மட்டும் முடியும். இன்டர்நெட் பெட்டியை நம்பித்தான் எல்லாமே. அக்கா ஒரு தோழியோடு வீடியோ காலில் பேசிப் பழகினாள். இரண்டாவது கேள்வியிலேயே படம் நின்றுவிட்டது. திரையில் அக்கா வாயைப் பிளந்தபடி அப்படியே உறைந்திருந்தாள்.

"சனிக்கிழமையும் இப்படி ஆச்சுன்னா என் வேலை போச்சு!" அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்பா எழுந்தார். அவர் நகைக்கடையில் காவலாளி. இருபது வருடமாக வாசலில் நின்று நின்று, வீட்டுக்கு வந்தாலும் அந்த முறைப்பு முகத்தைவிட்டுப் போகாது.

"எல்லாம் அந்த கேம் பண்ற வேலை. இருக்கிற நெட்டையெல்லாம் அதுவே தின்னுடுது. ஞாயித்துக்கிழமை அந்தக் கம்ப்யூட்டர் அத்தை வீட்டுக்குப் போகுது. அங்க ஒரு பொடியன் கேட்டுக்கிட்டு இருக்கான்."

"விசாரணையே இல்லாம தீர்ப்பா?" வக்கீல் இடுப்பில் கை வைத்தாள். "ஒத்துக்க மாட்டேன்."

"உன்னை யாரு ஒத்துக்கச் சொன்னா?"

அம்மா நடுவில் வந்தாள். அப்பா, மகள் வழக்கெல்லாம் கடைசியில் அம்மாவிடம்தான் வரும். "சனிக்கிழமை வரைக்கும் டைம். அதுக்குள்ள உன் மேல தப்பில்லைன்னு காட்டு. முடியலைன்னா அப்பா சொன்னதுதான்."

வக்கீல் நேராகப் போய்க் கம்ப்யூட்டரின் பவர் ஒயரைக் கழற்றி அக்கா கையில் கொடுத்தாள்.

"நீயே வெச்சுக்கோ. சனிக்கிழமை வரைக்கும் நான் தொடவே மாட்டேன். அப்பவும் நெட் வரலைன்னா என்ன சொல்றீங்கன்னு பார்க்கிறேன்."

கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் கோடு போட்டாள். பள்ளி நேரம் போக மற்ற நேரத்தில், அக்காவின் போனை ஹாலில் ஒரே நாற்காலியில் வைத்து வேகத்தைச் சோதித்து எழுதினாள். பெரும்பாலும் இரண்டு, ஒன்றரை, மறுபடி இரண்டு. எப்போதாவது நாற்பது. ஒரு தடவை பூஜ்யம். அதைச் சிவப்பு மையால் எழுதினாள்.

வியாழக்கிழமை மாலை நோட்டை அப்பா முன்னால் வைத்தாள். "ரெண்டு நாளா கம்ப்யூட்டர் செத்துக் கிடக்கு. நெட்டை இப்போ யார் தின்னாங்களாம்?"

அப்பா மீசையைத் தடவினார். "அப்போ நெட்காரன் ஏமாத்துறான். அவனுக்கு போன் போடு."

நெட் கம்பெனிக்காரர் தேன் ஒழுகப் பேசினார். "உங்க பிளான் சின்னது பாப்பா. பெரிய பிளானுக்கு மாறிடுங்க, ராக்கெட் மாதிரி இருக்கும்."

"அங்கிள், எங்க பிளான் நாற்பது எம்பி ஸ்பீடு. காலையில ஏழேகாலுக்கு நாற்பது வருது. ஏழரைக்கு ரெண்டுதான் வருது. சின்ன பிளான்னா ஏழேகாலுக்கும் சின்னதாத்தானே வரணும்?"

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "மேனேஜர்கிட்ட சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

கேட்டுவிட்டாளே தவிர, ஏழேகாலுக்கு மட்டும் ஏன் நாற்பது என்று வக்கீலுக்கும் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணி. அக்கா நல்ல சட்டை போட்டுக்கொண்டு, ஹால் நாற்காலியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். போனில் வேகம் இரண்டு. அம்மா நகத்தைக் கடித்தாள்.

வக்கீல் தரையில் நோட்டை விரித்துப் போட்டுக் குப்புறப் படுத்தாள். புதன், வியாழன், வெள்ளி, சனி. நாலு நாளும் காலை ஏழேகாலுக்கு நாற்பது. முதல் மூன்று நாள் மாலை ஆறே முக்காலுக்கும் நாற்பது. மற்ற நேரமெல்லாம் நொண்டி.

ஏழேகாலுக்கு இந்த வீட்டில் என்ன நடக்கும்? அம்மா சமையலறையில் இருப்பாள். அக்கா தூங்குவாள். அப்பா யூனிஃபார்ம் எடுப்பார். ஆறே முக்காலுக்கு? அப்பா யூனிஃபார்மைக் கழற்றி வைப்பார்.

வக்கீல் மெதுவாகத் தலையைத் தூக்கினாள். எதிரே நின்றது இரும்பு பீரோ.

அப்பாவுக்கு எது உசத்தியோ அது பூட்டுக்குள் இருக்க வேண்டும். சைக்கிளுக்கு இரண்டு பூட்டு. நல்ல கத்தரிக்கோல் பீரோவுக்குள். போன மாதம் புதிதாக வந்த இன்டர்நெட் பெட்டியையும், பீரோவின் முதுகில் துளை போட்டு ஒயரை உள்ளே விட்டு, சட்டைகளுக்கு நடுவில் பத்திரப்படுத்தியிருந்தார். எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். அதனாலேயே யாருமே அதை யோசிக்கவில்லை. பீரோக் கதவின் உட்பக்கம் ஒரு கண்ணாடி உண்டு. காலையிலும் மாலையிலும் அந்தக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அப்பா கால் மணி நேரம் மீசை சீவுவார்.

"அம்மா! இரும்புக்குள்ள பூட்டி வெச்சா நெட் எப்படி வெளிய வரும்? பீரோ சாவி எங்க?"

"அப்பாகிட்ட. எனக்கே குடுத்ததில்லையே!"

அப்பாவின் போன் எடுக்கப்படவில்லை. காவல் நேரத்தில் எடுக்க மாட்டார். வக்கீல் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள். நகைக்கடை இரண்டு தெரு தள்ளித்தான்.

வாசலில் அப்பா விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். நாலைந்து வாடிக்கையாளர்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். கடை முதலாளியம்மா கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருந்து பார்த்தார்.

"அப்பா, பீரோ சாவி குடுங்க."

"இங்க எதுக்கு வந்தே? சாவியெல்லாம் கைமாத்தக் கூடாது. சாயங்காலம் வந்து திறக்கிறேன்."

"சாயங்காலம் வந்தா இன்டர்வியூ திரும்பி வருமா?"

"வீட்டுக்குப் போ. எல்லாரும் பார்க்கிறாங்க."

"பார்க்கட்டும்." வக்கீலுக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் கால் நகரவில்லை. நோட்டைத் திறந்து அப்பாவின் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். "நாலு நாள் எழுதியிருக்கேன், பாருங்க. நீங்க பீரோவைத் திறந்து மீசை சீவும்போது மட்டும்தான் நம்ம வீட்டுல நெட் வருது!"

உள்ளே போய்க்கொண்டிருந்த ஒருவர் சட்டென்று நின்றார். முதலாளியம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்பாவின் காது சிவந்தது.

அவர் நோட்டைப் படித்தார். ஏழேகால், நாற்பது. ஏழரை, இரண்டு. விரலை வைத்து மெதுவாக இறங்கினார். சிவப்புப் பூஜ்யத்தில் விரல் நின்றது. பிறகு பெல்ட்டில் இருந்து சாவியைக் கழற்றினார்.

"விழுந்துடாம ஓடு" என்றார்.

பத்து ஐம்பதுக்கு பீரோ திறந்தது. வக்கீல் சட்டைகளுக்கு நடுவில் இருந்து பெட்டியைத் தூக்கி, ஒயரைப் பின்பக்கமாகவே வெளியே கொண்டு வந்து, பீரோவின் தலைமேல் வைத்தாள். நாலு விளக்கும் கண் விழிக்க இரண்டு நிமிடம் பிடித்தது. அம்மாவுக்கு அது இரண்டு வருடம். பிறகு அக்காவின் போனில் வேகம் காட்டும் முள் ஏறியது. பத்து, இருபத்தைந்து, நாற்பத்தொன்று!

இன்டர்வியூ அரை மணி நேரம் நடந்தது. வேலை கிடைக்குமா என்பது அடுத்த வாரம்தான் தெரியும். ஆனால் அக்கா சொன்ன ஒரு வார்த்தைகூட நடுவழியில் விழவில்லை.

அக்கா பவர் ஒயரைத் திருப்பிக் கொடுத்தாள். அன்று மாலைப் பந்தயத்தில் வக்கீலின் படகு கேப்டனின் படகைத் தாண்டிக்கொண்டு போனது.

"புது கம்ப்யூட்டரா?" என்று மாடியில் இருந்து கத்தினான் கேப்டன்.

"அதே டப்பாதான். கூடம் நிஜமாவே கோணலாத்தான் இருந்துச்சு. நிமித்திட்டேன்!"

ஆறே முக்காலுக்கு அப்பா வந்தார். கையில் ஒரு சங்கிலியும் புதுப் பூட்டும். பீரோவின் தலைமேல் இருந்த பெட்டியை ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டிப் பூட்டினார். யாரும் சிரிக்கத் துணியவில்லை.

வக்கீல் நோட்டை நீட்டினாள். "தீர்ப்பை எழுதிக் குடுங்க."

அப்பா எழுதினார்: "கம்ப்யூட்டர் மேல் தப்பில்லை. தப்பு பீரோ மேல்."

"பெட்டியை பீரோவுக்குள்ள வெச்சது யாரு?"

அப்பா மகளைப் பார்த்தார். பேனாவை மறுபடி எடுத்து, 'பீரோ மேல்' என்பதை அடித்துவிட்டு, 'என் மேல்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

பிறகு புதுப் பூட்டின் சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"இன்னொரு சாவி எங்கப்பா?"

"அதைப் பூட்டுக் கடையிலேயே திருப்பிக் குடுத்துட்டு வந்துட்டேன். இருக்கிறது இது ஒண்ணுதான், பத்திரம்."

அந்த வீட்டில் இப்போது மொத்தம் பதினோரு பூட்டுகள். சாவி வைத்திருப்பவர்கள் இரண்டு பேர்.