ஒரு டப்பா அரிசி மாவு

காலை பத்தரை மணிக்கு, துண்டு மாற்றப் போன சமையல்காரி டீவா குளியலறைக் கதவைத் திறந்தாள். தரையில் நோரீன் சுருண்டு கிடந்தாள். உதடு வெளுத்திருந்தது. வாந்தி எடுத்து எடுத்து, தலையைத் தூக்கக்கூடத் தெம்பில்லை.

பசிபிக் கடலில் உள்ள நியூவே தீவின் அந்தச் சின்ன விடுதிக்கு நோரீன் தன் அக்கா கிளெனிஸுடன் ஆக்லாந்திலிருந்து வந்திருந்தாள். அவளுக்கு சீலியாக் நோய். கோதுமை ஒரு சிட்டிகை உள்ளே போனாலும் குடல் புண்ணாகிவிடும். மாத்திரை கிடையாது, கோதுமையைத் தொடாமல் இருப்பதுதான் வைத்தியம். அதனால் எந்த ஊருக்குப் போனாலும் தன் அரிசி மாவையும் தன் வாணலியையும் கூடவே தூக்கிக்கொண்டு போவாள். மற்றவர்கள் ஒரே மேசையில் சிரித்துச் சாப்பிடும்போது, இவள் தன் தட்டைக் கையால் மறைத்தபடி ஓரமாக உட்கார்ந்திருப்பாள்.

மருத்துவர் வந்து ஊசி போட்டுவிட்டு, கோதுமைதான், சந்தேகமே இல்லை என்றார். விடுதி முதலாளி லாகி தலையில் கை வைத்துக்கொண்டார். முந்தின நாள் டீவா சேம்பங்கிழங்கும் பப்பாளியும் தேங்காய்ப்பாலில் வேகவைத்துக் கொடுத்திருந்தாள். அதில்தான் ஏதோ கலந்திருக்கும் என்று கிளெனிஸ் அடித்துச் சொன்னாள். டீவாவை இன்றோடு நிறுத்திவிடுவதாக லாகி சொன்னார்.

சாயந்திரம் வரைக்கும் பொறுக்கும்படி நோரீன் கேட்டுக்கொண்டாள். கிழங்கு சாப்பிட்டது நேற்று மதியம். எப்போதும் கோதுமை பட்ட இரண்டு மணி நேரத்துக்குள் அவள் விழுந்துவிடுவாள். அப்படியானால் வினை இன்று காலையில் நடந்தது. காலையில் அவள் சாப்பிட்டது தன் கையால் சுட்ட பான்கேக் மட்டும்தான்.

மதியம் சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். தன் மாவு டப்பாவிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துப் பிசைந்து குழாயடியில் கழுவினாள். அரிசி மாவென்றால் எல்லாம் பால்போலக் கரைந்து ஓடியிருக்க வேண்டும். கையில் ரப்பர் மாதிரி ஓர் உருண்டை மிஞ்சியது. இழுத்தாள், நீண்டது. டப்பாவில் இருந்தது முழுக்கக் கோதுமை மைதா.

டீவா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலைல நீ எப்ப வந்த?"

"நான் வர்றப்ப உங்க ரொட்டி அடுப்புல இருந்துச்சு. நீங்களும் உங்க அக்காவும் சுத்திப் பாக்கப் போற பத்து மணிப் படகுக்கு நேரமாச்சுன்னு பறந்துட்டு இருந்தீங்க."

"ராத்திரி?"

"சாப்பாடு முடிஞ்சதும் வீட்டுக்குப் போயிட்டேன். என் மைதா மூட்டை அந்த மூலைல. உங்க டப்பா பக்கம் நான் கையே கொண்டுபோக மாட்டேன். நீங்க சொன்ன அன்னிக்கே எம் பொண்ணு கிட்டகூடச் சொல்லி வெச்சேன்."

அடுத்து டெரெக். பாய்மரப் படகில் தனியாக ஊர் சுற்றுகிறவர், சாப்பாட்டுக்கு மட்டும் விடுதிக்கு வருவார். கண்ணை மூடிக்கொண்டு தின்றால் எந்த நோயும் வராது என்று நேற்று இரவு நோரீனைக் கிண்டல் செய்தவர்.

"கிண்டல் பண்ணேன், ஒத்துக்கறேன்," என்றார். "ஆனா சாப்பிட்டுட்டு நேரா படகுக்குப் போயிட்டேன். லாகிதான் என்னைத் துறையில விட்டுட்டு அப்படியே அவர் வீட்டுக்குப் போனார்."

நேற்று இரவு எல்லோரும் போன பிறகுதான் நோரீன் அதே டப்பா மாவில் கூழ் காய்ச்சிக் குடித்தாள். குடித்துவிட்டு நன்றாகத் தூங்கினாள். ஆகவே அதுவரை டப்பாவில் இருந்தது அரிசி மாவு. அதற்குப் பிறகு விடுதியில் படுத்தவர்கள் இரண்டே பேர். இந்தத் தீவில் யாரும் கதவைப் பூட்டுவதில்லை, வெளியாள் வந்திருக்கலாம் என்று அவள் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். மனம் கேட்கவில்லை. காலை நடந்ததை இன்னொரு முறை நினைவில் ஓட்டினாள். அப்போதுதான் அது உறைத்தது.

ஐந்து மணிக்கு எல்லோரையும் கூடத்துக்குக் கூப்பிட்டாள்.

"டீவா மேல தப்பில்ல," என்று லாகியிடம் சொல்லிவிட்டு அக்கா பக்கம் திரும்பினாள். "மாவை மாத்தினது நீதான், கிளெனிஸ்."

கிளெனிஸ் சிரிக்கப் பார்த்தாள். "காய்ச்சல்ல பேசறா."

"என் பான்கேக் திருப்பறப்ப உடைஞ்சு நொறுங்கும். இன்னிக்கு முழுசா திரும்புச்சு. அவசரத்துல எனக்கு அது தோணல, அது என் முட்டாள்தனம். ஆனா நாலு வருஷமா அதை மணல்னு சொல்லித் தொடாதவ நீ. இன்னிக்கு முதல் ரொட்டி வேகறதுக்கு முன்னாடியே தட்டை நீட்டின. அது மணல் இல்லன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

கிளெனிஸ் எழுந்து அறைக்குப் போய், தன் பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். உள்ளே அரிசி மாவு.

"தூக்கிப் போட மனசு வரல. இங்க உனக்கு வேற கிடைக்காதுல்ல. எல்லாம் உன் மனப்பிரமைன்னு நெனச்சேன். ஒரு தடவை தெரியாம சாப்பிட்டு ஒண்ணும் ஆகலன்னா நீ பழையபடி ஆயிடுவன்னு..." அவள் பையை நோரீன் பக்கம் நகர்த்தினாள். "நாலு வருஷமா உன்கூட ஒரு ரொட்டியப் பிச்சுத் தின்னதில்ல, நோரீன். எனக்கு வேற யார் இருக்கா?"

"எனக்கும்தான் யார் இருக்கா?" என்றாள் நோரீன். "நான் குளியலறைல கெடந்தப்ப நீ கிழங்கு மேல பழி போட்டுட்டு இருந்த."



லாகி டீவாவிடம் மன்னிப்புக் கேட்டார். அவள் தலையை மட்டும் அசைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை விமானத்தில் கிளெனிஸ் மட்டும் ஏறினாள். படியில் ஏறும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். நோரீன் வேலியோரம் நின்றிருந்தாள், கையைத் தூக்கவில்லை. கொண்டுவிட வந்த டீவா வண்டியிலிருந்தபடி, அடுத்து எந்த ஊர் என்று கேட்டாள். பக்கத்துத் தீவான டோங்கா என்றாள் நோரீன்.

"கூட யார் வர்றா?"

விமானம் கடலுக்கு மேல் சிறுத்து மறையும் வரை நோரீன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரும் வரல," என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.