நான்கு சக்கரங்களும் ஒரு வெறுங்கையும்

“பத்தொன்பது வருஷமா லாரி ஓட்டறேன். மலையிலேர்ந்து பிரேக்கையே மிதிக்காம தூங்கிக்கிட்டே இறங்கினேனாம். வாய் கூசாம சொல்றார் எங்க முதலாளி.”

குன்வோர் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்று கொதித்தாள். அன்று காலை அவளுடைய மீன் லாரி மலைப்பாதையின் அடிவாரத்தில் பனிமேட்டில் மோதி நின்றிருந்தது. சாயங்காலத்துக்குள் அவளுடைய உரிமம் ரத்தாகிவிடும்.

துப்பறிவாளர் ஆர்ன்ஃபின் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். “லாரி அங்கேயேதான் நிக்குதா?”

“போலீஸ் நகர்த்த விடலை.”

அவருடைய உதவியாளர் சில்யே அதற்குள் கார் சாவியை எடுத்துவிட்டாள். அவளுக்கும் பற்றிக்கொண்டு வந்தது.

மூவரும் அடிவாரத்தில் போய் இறங்கியபோது போலீஸ்காரரோடு முதலாளி ட்ரூல்ஸும் நின்றிருந்தார்.

“மோதின அஞ்சாவது நிமிஷம் நான் இங்க வந்துட்டேன். இறக்கம் இறங்கின லாரியை எங்க ஆளுங்க தொட்டுப் பார்க்கற மாதிரிதான், கையுறையைக் கழட்டிட்டு நாலு சக்கரத்து பிரேக்கையும் வெறுங்கையால தொட்டேன். நாலும் ஜில்லுன்னு இருந்துச்சு. பிடிச்சிருந்தா சுட்டிருக்காதா?”

சில்யேவுக்கே சந்தேகம் வந்தது. பேச்சு நியாயமாகத்தானே இருக்கிறது?

ஆர்ன்ஃபின் லாரியைச் சுற்றி வந்தார். “சில்யே, முன்சக்கரத்துக்கு அடியில என்ன இருக்கு?”

“பொடிப்பனி. ஊதினா பறக்குது.”

“பின்னாடி?”

அவள் குனிந்து முஷ்டியால் தட்டிப் பார்த்தாள். “ரெண்டு பக்கமும் கண்ணாடி மாதிரி பனிக்கட்டி. உருகித் திரும்ப உறைஞ்சிருக்கு.”

“ஓடற லாரியோட வேகம் மாயமா மறையாது. பிரேக் பிடிச்சா அத்தனையும் சூடாத்தான் மாறணும். இறக்கம் முழுக்க அந்தச் சூட்டைப் பின்சக்கரம் ரெண்டும் மட்டுமே வாங்கியிருக்கு. இந்தம்மா பிரேக்கை மிதிச்சுக்கிட்டேதான் இறங்கியிருக்காங்க.” அவர் திரும்பினார். “கையைக் காட்டுங்க, ட்ரூல்ஸ்.”

ட்ரூல்ஸ் தயங்கித் தயங்கிக் கையை நீட்டினார். உள்ளங்கையில் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை.

“பனியையே உருக்கின பிரேக், உங்க கையை மட்டும் விட்டுடுச்சா? நீங்க தொட்டிருந்தா முன்சக்கரத்தைத்தான் தொட்டிருப்பீங்க. அது ஜில்லுன்னு இருக்கும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும். ஏன்னா அந்த பிரேக் வேலையே செய்யலை. பின் பிரேக் மட்டும் போதாமத்தான் லாரி மோதியிருக்கு.”

“முன் பிரேக் பிடிக்கலைன்னு போன வாரமே சொன்னேன்,” என்றாள் குன்வோர். “சரி பண்ணியாச்சுன்னு சொல்லி இவர்தான் சாவியைக் குடுத்தார். நானும் நம்பினேன்.”

போலீஸ்காரர் காலையில் வாங்கி வைத்திருந்த உரிமத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து அவளிடம் கொடுத்தார். அவள் அதைப் பார்க்கவேயில்லை.

“நான் செத்திருந்தா, பிணத்து மேலயும் இந்தப் பழியைப் போட்டிருப்பீங்க இல்லையா?”

ட்ரூல்ஸ் அவசர அவசரமாகக் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார்.