எட்டுக் கையிலும் பயம்

செவஸ்திக்கு ஆக்டோபஸ் என்றாலே பயம். நம் கடலோரத்தில் பேய்க்கணவாய் என்பார்களே, அதே ஆள்தான். கலிம்னோஸ் என்ற கிரேக்கத் தீவில் பிறந்த பெண், அதுவும் மீன்பிடிக்கிறவர் மகள், ஆக்டோபஸுக்குப் பயப்படுகிறாள் என்றால் ஊர் சும்மா விடுமா?

"செவஸ்தி, பின்னாடி பாரு, எட்டுக் கை!" என்று கத்துவான் பக்கத்து வீட்டு தெமெலிஸ். அவள் திரும்பிப் பார்ப்பாள். பொய் என்று தெரிந்தாலும் திரும்பிப் பார்ப்பாள். அதுதான் அவள் கஷ்டம்.

போன ஞாயிற்றுக்கிழமை இந்தப் பயம் முற்றிப்போனது. அன்று அம்மா சமையலறையில் ஆக்டோபஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். தலை ஒரு தட்டில், கைகள் இன்னொரு தட்டில். செவஸ்தி தக்காளி எடுக்கக் கையை நீட்டினாள். வெட்டிப் போட்ட கைகளில் ஒன்று மெல்ல நெளிந்து வந்து அவள் விரலைச் சுற்றிப் பிடித்துக்கொண்டது.

அவள் போட்ட கூச்சலில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

"அம்மா! பிடிச்சிருச்சு! எடும்மா, எடும்மா!"

"மாதாவே! ஏண்டி இப்படிக் கத்துற? தலையே போயிடுச்சு. அது உன்னை என்ன செய்யப் போகுது?"

"தலை அந்தத் தட்டுல இருக்கு! அப்ப என்னைப் பிடிக்கச் சொன்னது யாரு?"

அம்மா அந்தக் கையைப் பிடித்து இழுத்தார். இழுக்க இழுக்க அந்தக் கை இன்னும் இறுகியது. செவஸ்தி உதறிய உதறலில் மேசை மேல் இருந்த எலுமிச்சை மூடி நசுங்கி, சாறு விரலில் தெறித்தது. அவ்வளவுதான். அந்தக் கை சட்டென்று சுருண்டு விலகிவிட்டது.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் இதைப் பற்றிக் கேட்டாள். டீச்சர் சிரிக்கவில்லை.

"நமக்கு மூளை தலையில இருக்கு. ஆக்டோபஸுக்கும் இருக்கு. ஆனா அதோட நரம்புல பாதிக்கு மேல கைங்கள்லதான். அதனால ஒவ்வொரு கையும் கொஞ்சம் தானாவே யோசிக்கும். கை முழுக்க வட்ட வட்டமா உறிஞ்சி இருக்கே, அதுங்க தொடும்போதே ருசியும் பார்க்கும்," என்றார்.

'அப்படியானால் அது என் விரலை ருசி பார்த்ததா!' செவஸ்தி விரலை உடையில் தேய்த்துத் துடைத்தாள். அன்றிலிருந்து, உணவுக்கடை வாசலில் கொடியில் காயும் ஆக்டோபஸ்களைத் தாண்டும்போதெல்லாம் இரண்டு கைகளையும் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டுதான் நடந்தாள்.

சனிக்கிழமை மதியம் அப்பா கடலுக்குப் போயிருந்தார். அம்மா விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்யப் போயிருந்தார். தம்பி நோமிகோஸ் அவள் உயிரை வாங்கினான்.

"அக்கா, கடல் முள்ளெலி எடுக்கப் போலாம். ரொட்டி நான் தூக்கிட்டு வர்றேன். எலுமிச்சம்பழமும் நானே தூக்கிட்டு வர்றேன்."

"பெரிய பாரம் பாரு! சரி வா. ஆனா கப்பல் சங்கு ஊதினா உடனே மேல ஏறிடணும்."

அது அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு நடை பழகும்போதே சொல்லித் தரும் பாடம். பெரிய கப்பல் தீவின் முனையைச் சுற்றி வரும்போது ஒரு சங்கு ஊதும். கொஞ்ச நேரத்தில் அது கிளப்பிவிட்ட அலைகள் பாறைகளில் வந்து மோதும். கப்பல் என்னவோ தூரத்தில் அழகாகத்தான் போகும். அலைதான் ஆளை அடித்துப்போடும்.

பாறையில் ஒட்டியிருந்த, உருண்டையாக உடம்பெல்லாம் முள்ளான முள்ளெலியை உடைத்து, உள்ளே இருக்கும் ஆரஞ்சு நிறச் சதையில் எலுமிச்சை பிழிந்து, ரொட்டியில் தடவிச் சாப்பிட்டார்கள். செவஸ்தி பாறை மேல் உட்கார்ந்திருந்தாள். நோமிகோஸ் கீழே, மார்பளவு தண்ணீரில் நின்றிருந்தான்.

"அக்கா... ஸ்பூன் விழுந்திருச்சு."

"எந்த ஸ்பூன்?"

நோமிகோஸ் கடலைப் பார்த்தான்.

"டேய் நோமி, எந்த ஸ்பூன்?"

"அம்மாவோட கல்யாணத்துக்கு வந்த ஸ்பூன்."

"ஐயோ! அதைத் தொடவே கூடாதுன்னு சொல்லியிருக்காங்கல்ல?"

"தெரியும். அதான் சொல்லாம எடுத்தேன். இந்தப் பொந்துக்குள்ளதான் போயிருக்கு, இரு..."

செவஸ்தி குனிந்து பார்த்தாள். தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. பாறையில் ஒரு பொந்து. அதன் வாசலில் நண்டு ஓடுகளும் சிப்பிகளும் குவிந்து கிடந்தன. சாப்பிட்ட மிச்சத்தை வாசலில் கொட்டுகிற பழக்கம் யாருக்கு உண்டு என்று அந்தத் தீவில் எல்லோருக்கும் தெரியும்.

"உள்ள கையை விடாதே!" என்று அவள் கத்துவதற்குள் நோமிகோஸ் முழங்கை வரை விட்டுவிட்டான்.

அவன் முகம் மாறியது.

"அக்கா, உள்ள ஏதோ இருக்கு. என் கையைப் பிடிச்சிருக்கு."

"வெளிய எடு!"

"வரலை! அக்கா, வரலை!"

அவன் இழுத்தான். அது இறுக்கியது. அவன் அழுதுகொண்டே இன்னும் பலமாக இழுத்தான். செவஸ்திக்குத் தன் விரலில் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பிடி மறுபடி ஊர்வது போல் இருந்தது. கால்கள் பாறையோடு ஒட்டிக்கொண்டன. 'இறங்கு, இறங்கு' என்று மனசு சொன்னது. உடம்பு கேட்கவில்லை.

"தெமெலிஸ்! தெமெலிஸ்!"

அடுத்த பாறையில் மீன் குத்திக்கொண்டிருந்த தெமெலிஸ், மூன்று முனை ஈட்டியோடு தாவித் தாவி வந்தான்.

"என்ன, உன் சிநேகிதன் வந்துட்டானா?" என்று சிரித்தவன், நோமிகோஸைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினான். "தள்ளு, ஒரே குத்து."

"அவன் கையும் உள்ளதான் இருக்கு!"

"ஓரமா குத்துறேன்."

"வேண்டாம்!"

தெமெலிஸ் அதற்குள் ஈட்டியைப் பொந்தின் ஓரத்தில் இறக்கிவிட்டான். அது கல்லில் 'கிணுக்' என்று மோதியது. அடுத்த நொடி பொந்திலிருந்து மை பொங்கி வந்து, தண்ணீரெல்லாம் கறுப்பாகிவிட்டது. பொந்து தெரியவில்லை. தம்பியின் கையும் தெரியவில்லை. இனி ஈட்டிக்கு அங்கே வேலை இல்லை.

"இன்னும் இறுக்குது! அக்கா!"

அப்போதுதான் அது கேட்டது. முனைக்கு அப்பால் இருந்து, நீளமாக, கனமாக.

கப்பல் சங்கு.

 மார்பளவு தண்ணீரில் நிற்கிற பையன் தலைக்கு மேல் அலை போகும். ஒன்று அல்ல, ஒன்றன் பின் ஒன்றாக.

"நான்... நான் போய் யாரையாவது கூட்டிட்டு வரேன்," என்றான் தெமெலிஸ். அவன் குரல் கீச்சென்று வந்தது.

"நீ வர்றதுக்குள்ள அலை வந்திரும்."

செவஸ்தியின் பக்கத்தில் ரொட்டித் துண்டும், பாதி பிழிந்த எலுமிச்சை மூடிகளும் கிடந்தன. அவள் கண் அதில் நின்றது. தலையே இல்லாத கை, சாறு பட்டதும் விட்டதே! கைக்கே ருசி தெரியும் என்று டீச்சர் சொன்னாரே! அப்படியென்றால் அந்தக் கையிடம்தான் பேச வேண்டும்.

ஆனால் கடலுக்குள் பிழிந்தால் சாறு கரைந்து போய்விடும். கையிலேயே கொண்டுபோய்த் தேய்க்க வேண்டும். உள்ளே விட்டு. அந்தப் பொந்துக்குள்.

செவஸ்தி அழுதாள். அழுதுகொண்டே எலுமிச்சை மூடியை எடுத்தாள். அழுதுகொண்டே தண்ணீரில் இறங்கினாள்.

"நோமி, இழுக்காதே."

"பயமா இருக்கு!"

"எனக்கும்தான். நீ இழுக்க இழுக்க அது பிடிக்கும். கையைத் தளர்த்து. மாவு பிசைஞ்சதும் கழுவ அம்மா கிட்ட கையைக் குடுப்பியே, அந்த மாதிரி விட்டுரு."

நோமிகோஸ் பல்லைக் கடித்துக்கொண்டு கையைத் தளர்த்தினான். செவஸ்தி மை கலந்த தண்ணீருக்குள் கையை விட்டாள். தம்பியின் முழங்கை தட்டுப்பட்டது. அதைத் தடவிக்கொண்டே உள்ளே போனாள்.

வழவழப்பாக ஏதோ தட்டுப்பட்டது. அது உடனே நகர்ந்து வந்து அவள் மணிக்கட்டைச் சுற்றியது. குட்டிக் குட்டி உறிஞ்சிகள் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டன. ஒவ்வொன்றும் அவளை ருசி பார்த்தது. அலறல் தொண்டை வரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு, எலுமிச்சை மூடியை அந்தக் கையின் மேல் வைத்து அழுத்திப் பிழிந்து, தேய் தேய் என்று தேய்த்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

"அலை! அலை வருது!" என்று மேலிருந்து தெமெலிஸ் கத்தினான்.

இன்னும் அழுத்தித் தேய்த்தாள். ஒரு உறிஞ்சி விட்டது. இன்னொன்று விட்டது. பிறகு அவள் மணிக்கட்டிலிருந்து மொத்தக் கையும் உருவிக்கொண்டு போனது. தம்பியின் கையைப் பிடித்திருந்ததன் மேலும் தேய்த்தாள். அதுவும் சுருண்டது.

"வந்துருச்சு! அக்கா, கை வந்துருச்சு!"

"ஏறு! ஏறு!"

தெமெலிஸ் குப்புறப் படுத்து நோமிகோஸின் சட்டையைப் பிடித்துத் தூக்கினான். பிறகு செவஸ்தியின் இரண்டு கைகளையும் பிடித்து இழுத்தான். அவள் முழங்கால் பாறையில் உரசி ரத்தம் வந்தது. அவர்கள் மேல் பாறைக்குத் தவழ்ந்துபோன சமயம், முதல் அலை பொந்தை மூடி, செவஸ்தி உட்கார்ந்திருந்த இடத்தை மூடி, ரொட்டியை அள்ளிக்கொண்டு போனது.

 நோமிகோஸின் கை முழுக்கச் சிவப்பு வட்டங்கள்.

கடல் அடங்கியதும் தெமெலிஸ் ஈட்டியை எடுத்தான். "அதோ பாரு, வாசல்ல நிக்குது. வெளுத்துப் போயிருக்கு. இப்பக் குத்தினா தப்பாது."

செவஸ்தி எட்டிப் பார்த்தாள். பொந்தின் வாயில் ஒரு கண். பக்கத்தில் ஒரு கை தன்னைத்தானே தடவிக்கொண்டிருந்தது.

"வேண்டாம், தெமெலிஸ்."

"உன் தம்பியைக் கொல்லப் பாத்துது!"

"அது வீட்டுக்குள்ள இவன்தானே கையை விட்டான்? பயந்து போய்ப் பிடிச்சிருக்கு. இவன் பயந்தான். நான் பயந்தேன். நீயும் பயந்த."

"யாரு, நானா?" என்றான் தெமெலிஸ். அவன் கையில் ஈட்டி வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

"பாவம், நமக்காவது ரெண்டு கை. அதுக்கு எட்டுக் கையிலயும் பயம்."

தெமெலிஸ் ஆடுகிற ஈட்டியைப் பார்த்தான். பிறகு அதைத் தோளில் சாய்த்துக்கொண்டான். "சரி, போய்த் தொலையட்டும்," என்று ஆக்டோபஸிடமே சொன்னான்.

வீட்டில் அம்மா நோமிகோஸைக் கட்டிக்கொண்டு அழுதார். செவஸ்தியைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுது முடித்ததும், "ஸ்பூன் எங்கே?" என்றார்.

மறுநாள் காலை கடல் அசையாமல் கிடந்தது. செவஸ்தியும் நோமிகோஸும் பாறைக்குப் போனார்கள். பொந்து வாசலில், ஓட்டுக் குவியலின் உச்சியில் அம்மாவின் ஸ்பூன் பளபளத்தது. வீட்டைக் கூட்டி, குப்பையை வெளியே தள்ளியிருந்தது ஆக்டோபஸ்.

"நான் எடுக்க மாட்டேன்பா," என்று நோமிகோஸ் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

செவஸ்தி மெல்ல இறங்கினாள்.  ஸ்பூனை எடுத்தாள். உடனே ஏறியிருக்கலாம். ஏனோ ஏறவில்லை. பொந்தைப் பார்த்து ஒரு விரலை மட்டும் நீட்டினாள்.

ஒரு கை வெளியே வந்தது. அதன் நுனி அவள் விரலை லேசாகத் தொட்டது. தொட்டதும் சுருட்டிக்கொண்டது.

"எலுமிச்சை வாசம் இன்னும் போகலை போல!" என்று மேலிருந்து சிரித்தான் நோமிகோஸ்.

செவஸ்தியும் சிரித்துவிட்டாள். மணலை அள்ளி விரல்களை நன்றாகத் தேய்த்து, கடலிலேயே அலசினாள். பிறகு கையை மறுபடி நீட்டிக் காத்திருந்தாள்.

இந்த முறை அவள் விரலைச் சுற்றிப் பிடித்த அந்தக் கை சட்டென்று விட்டுவிடவில்லை. செவஸ்தியும் கையை எடுக்கவில்லை.