தும்பியும் அடம்பிடித்த முன் கியரும்

கர்ர்ர்ர்... கடக்! கர்ர்ர்ர்...

"இறங்கு! சின்னச் சக்கரத்துக்கு இறங்கேன்!"

தும்பி கியர் லீவரைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். செயின் கேட்டால்தானே? பெரிய பல்சக்கரத்திலேயே சட்டமாக உட்கார்ந்திருந்தது. பெடல் கல்லாய்க் கனத்தது. பாதி மேட்டில் சைக்கிள் நின்றேவிட்டது. தும்பி காலைத் தரையில் ஊன்றினாள்.

போச்சு! நாளைக்குப் போட்டியில் இப்படி ஊன்றினால் அவ்வளவுதான்.

மேல்தெருப் பிள்ளைகளுக்கும் கீழ்தெருப் பிள்ளைகளுக்கும் நாளைக் காலை சைக்கிள் போட்டி. தண்ணீர்த் தொட்டி மேட்டின் உச்சிவரை ஏற வேண்டும். வழியில் கால் தரையில் பட்டால் அவுட். கீழ்தெரு அணியில் தும்பியும் உண்டு. ஓரிடத்தில் நிற்காமல் பறந்துகொண்டே இருப்பதால் அவளுக்கு அந்தப் பெயர்.

அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். முன்னறைதான் சித்தப்பாவின் தையல் கடை. கழுத்தில் டேப்பும் வாயில் குண்டூசியுமாகச் சித்தப்பா நிமிர்ந்தார்.

"என்னடா, மூஞ்சி தொங்கிப் போச்சு?"

"உங்க சைக்கிள்தான் சித்தப்பா. முன் கியர் மாறவே மாட்டேங்குது. கிழட்டு வண்டி!"

சித்தப்பா பதறிப்போய் வாயிலிருந்த ஊசியை எடுத்தார். அவருக்கு மீசை அரும்பிய வருஷம் வாங்கிய சைக்கிள் அது. "மெதுவா பேசு. அதுக்குக் காது கேட்கும்!"

"காது கேட்குமா? அப்ப நான் கத்தினது ஏன் கேட்கல?"

சித்தப்பா பேச்சை மாற்றினார். "சைக்கிள் கடைக்காரரும் ஊர்ல இல்ல. சுத்தியல் கொண்டு வரட்டுமா? லேசா ரெண்டு தட்டு..."

"ஐயோ, வேண்டாம்! நீங்க ரெண்டு தட்டு தட்டினதுல இருந்துதான் நம்ம வீட்டு ஃபேன் கிடுகிடுன்னு ஆடுது. நீங்க பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடிச்சு, பெடலை மட்டும் சுத்துங்க. நான் பார்க்கிறேன்."

சித்தப்பா சுற்றினார். தும்பி தரையில் குப்புறப் படுத்து உற்றுப் பார்த்தாள். செயினை இரண்டு பக்கமும் அணைத்தபடி ஒரு சின்ன இரும்புக் கூடு இருந்தது. அது உள்ளே நகர்ந்தால் செயின் சின்னச் சக்கரத்துக்குப் போகும், வெளியே நகர்ந்தால் பெரியதுக்கு. அந்தக் கூட்டை வெளியே இழுப்பது ஒரு கம்பி; கம்பி தளர்ந்தால் கூடு தானே உள்ளே திரும்ப வேண்டும். கம்பியை இழுப்பது லீவர்.

"இந்த மூணுல யாரோ ஒருத்தர் வேலை செய்யல" என்றாள் தும்பி.

லீவரைத் தளர்த்திவிட்டுக் கம்பியைத் தொட்டாள். கம்பி தொளதொளவென்று ஆடியது. அப்படியானால் லீவர் கம்பியை விட்டுவிட்டது, கம்பியும் கூட்டை விட்டுவிட்டது. கூடு மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. விரலால் அழுத்தினாள். மனசில்லாமல் கொஞ்சம் நகர்ந்தது.

"மாட்டினான் திருடன்! இதோட மூட்டு முழுக்கக் காய்ஞ்ச சேறு, சித்தப்பா. எண்ணெயெல்லாம் பிசினாகி ஒட்டிக்கிச்சு!"

"அப்ப எண்ணெய் விடலாமா?"

"அழுக்கு மேல எண்ணெய் விட்டா இன்னும் சேறாகும். முதல்ல குளிப்பாட்டணும்."

பழைய பல் துலக்கும் பிரஷும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் வந்தன. தும்பி தேய்த்தாள், துடைத்தாள், மறுபடியும் தேய்த்தாள். கறுப்புக் கறுப்பாக வழிந்தது. கடைசியில் தையல் மெஷின் எண்ணெயில் சில சொட்டு விட்டு, லீவரைத் தள்ளினாள்.

டக்!

கூடு துள்ளி உள்ளே போனது. "ஹையா!" தும்பி குதித்தாள்.

சடசட, சடக்! செயின் சின்னச் சக்கரத்தையும் தாண்டி உள்பக்கம் விழுந்து தொங்கியது.

"என்ன இது? முன்னாடி நகரவே மாட்டேன்னுச்சு, இப்ப நிக்கவே மாட்டேங்குது!"

சித்தப்பா மெல்ல இருமினார். "அது... மேலே ரெண்டு குட்டி ஸ்குரு இருக்கு பாரு. போன வாரம் நான் ரெண்டையும் கொஞ்சம் லூஸ் பண்ணிப் பார்த்தேன்."

"சித்தப்பா!"

"நல்லதுக்குத்தான் பண்ணினேன்!"

தும்பி ஒரு ஸ்குருவை லேசாகத் திருப்பினாள். கூடு அசையவில்லை. அதைப் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததைத் திருப்பினாள். கூடு துளியூண்டு வெளியே வந்தது. ஆகா, உள்ளே போகிறவனுக்கு வேலி இதுதான்! இன்னும் துளி திருப்பினாள். பிறகு செயினைப் பெரிய சக்கரத்துக்கு ஏற்றி, மற்ற ஸ்குருவையும் அதேபோல வெளிப்பக்கத்துக்கு வேலியாக்கினாள்.

சித்தப்பா பெடலைச் சுற்ற, தும்பி லீவரைத் தள்ளினாள். டக், சின்னது. டக், பெரியது. டக், சின்னது!

"நம்ம தையல் மெஷின்கூட இவ்வளவு அழகா ஓடாதுடா!" என்றார் சித்தப்பா.

மறுநாள் காலை விசில் ஊதியது. சைக்கிள்கள் சீறிப் பாய்ந்தன. தும்பிக்குச் சற்று முன்னால் மேல்தெரு ரேடியோ போய்க்கொண்டிருந்தான். வாய் ஓயாமல் பேசுவதால் அவனுக்கு அந்தப் பெயர்.

"இதோ, ரேடியோ முந்துகிறார்! வளைவு வருகிறது! அடுத்து செங்குத்தான மேடு! ரேடியோ கியர் மாற்றுகிறார்..."

சடசட, சடக்!

அந்தச் சத்தம் தும்பிக்கு நன்றாகத் தெரியும். ரேடியோவின் செயின் உள்பக்கம் விழுந்துவிட்டது! அவன் பெடல் சும்மா சுழன்றது. சைக்கிள் தள்ளாடியது. அவன் காலை ஊன்றப் பார்த்தான்.

ஊன்றினால் மேல்தெருவில் ஓர் ஆள் குறைவு. ஆனால் நேற்று பாதி மேட்டில் தான் நின்ற நிலை தும்பியின் கண்முன் வந்தது.

"ஊன்றாதே!" அவள் பக்கத்தில் போய்க் கத்தினாள். "லீவரைப் பெரிய சக்கரத்துக்குத் தள்ளு! வேகமா வேண்டாம், மெதுவா மிதி!"

"என்னது?"

"பெரிசுக்குத் தள்ளு! மெதுவா!"

ரேடியோ தள்ளினான், மெதுவாக மிதித்தான். கடகட... கடக்! செயின் தானே ஏறி உட்கார்ந்தது.

இதற்குள் மேடு வந்தேவிட்டது. தும்பி தன் லீவரைத் தள்ளினாள். டக்! கனத்த பெடல் பஞ்சாகிவிட்டது. மூச்சு வாங்க, வியர்வை கண்ணில் வழிய, அவள் ஏறினாள், ஏறினாள், ஏறிக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் ரேடியோ பெரிய சக்கரத்திலேயே எழுந்து நின்று மிதித்தான். உச்சிக் கோட்டை அவன் ஒரு சாண் முன்னால் தொட்டான். அடுத்தது தும்பி.

தும்பி குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். அவை வழியில் எங்கும் தரையைத் தொடவில்லை. "ஏறிட்டேன்! ஏறிட்டேன்!" என்று கூவினாள்.

ரேடியோ என்னவோ சொல்ல வாயைத் திறந்தான். மூச்சு வாங்கியதில் பேச்சே வரவில்லை. இரண்டு தெருவும் அதிசயமாக அவனைப் பார்த்தன.

ஆனால் சாயங்காலத்துக்குள் மூச்சு திரும்பி, தும்பியைப் பற்றி ஊரெல்லாம் ஒலிபரப்பிவிட்டான் போலும். மறுநாள் தையல் கடை வாசலில் வரிசையாகப் பழைய சைக்கிள்கள் நின்றன. முதல் ஆள் ரேடியோ. தும்பி பிரஷும் கையுமாகத் தரையில் படுத்திருந்தாள்.

கால்சட்டை வாங்க வந்த பெரியவர் ஒருவர் திகைத்து நின்றார். "தையல்காரரே, என் கால்சட்டை ரெடியா?"

சித்தப்பா பெடலைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: "கொஞ்சம் இருங்க, சார். பெரிய மெக்கானிக் இன்னும் பெடல்ல இருந்து கையை எடுக்கச் சொல்லல!"